இடது கைக்கு ஒரு வேலை

அக்கா மகன் போன ஆடியில் ஒரு கேள்வியோடு வந்தான். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல் இரண்டு வருடம் முடித்துவிட்டு, கணபதி பக்கம் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கைபேசியில் மூன்று மவுஸ் படங்களை மாற்றி மாற்றிக் காட்டினான். "மாமா, இதுல எதை வாங்கறதுங்க? இது பதினாறாயிரம் டி.பி.ஐ. இதுல சைடுலயே பன்னெண்டு பட்டன் இருக்குது."

முதலில் நீ வரைவதைப் பார்க்கிறேன் என்றேன். மடிக்கணினியைத் திறந்து, ஆட்டோகேடில் ஒரு ஃபிளாஞ்சு போட ஆரம்பித்தான். நான் திரையைப் பார்க்கவில்லை, அவன் கைகளைப் பார்த்தேன். வலது கை மவுஸோடு மேலே மெனுப் பட்டைவரை போய் ஒரு சின்னப் படத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. ஒரு வட்டம் போட்டது. மறுபடி மேலே போனது. அளவு அடிக்க வேண்டிய நேரத்தில் மவுஸை விட்டுவிட்டு, அதே வலது கை கீபோர்டுக்குத் தாவித் திரும்பியது. இடது கை மேசைக்கு அடியில் தொடைமேல் கிடந்தது.

"கண்ணு, அந்தக் கை எதுக்கு இருக்குது?" என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை. சொல்ல வராமல் போனதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் 1989-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் கணினி கிடையாது. பலகை, டீ ஸ்கொயர், இரண்டு செட் ஸ்கொயர், ட்ரேசிங் பேப்பர், ராட்ரிங் பேனா. கோவையில் பம்புக்கும் நூற்பாலை இயந்திரத்துக்கும் பாகங்கள் வார்த்துக் கடையும் பட்டறைகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். முதல் இரண்டு மாதம் எனக்கு மைப் பேனாவே தரவில்லை. நாங்கள் எல்லோரும் அண்ணா என்று கூப்பிட்ட தலைமை வரைவாளர், டீ ஸ்கொயரைப் பிடிக்கத்தான் கற்றுக்கொடுத்தார். அதன் தலை பலகையின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டும். இடது கையால் அதை மேலும் கீழும் தள்ளி, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்தக் கையையே அலகின்மேல் விரிக்க வேண்டும். சுண்டு விரலும் மோதிர விரலும் டீ ஸ்கொயரை அழுத்தும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் செட் ஸ்கொயரை நகர்த்தி நிறுத்தும். ஒரு கைக்குள் இரண்டு வேலை. அதெல்லாம் ஆன பிறகுதான் வலது கை வந்து கோட்டை இழுக்கும்.

செட் ஸ்கொயர் மயிரிழை நகர்ந்தாலும் மை அதன் அடியில் ஓடிப் பரவிவிடும். பரவிய மையைப் பாதி பிளேடால் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, அதன்மேல் மறுபடி வரைய வேண்டும். அண்ணா கோட்டைப் பார்த்தே சொல்வார்: "இது வலது கை பண்ணுன தப்பில்லைடா தம்பி. இடது கை தூங்கிருச்சு."

பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மினி டிராஃப்டர். பலகையின் மேல் ஓரத்தில் திருகி மாட்டிய இரண்டு கம்பிகளின் நுனியில் அளவுகோல் தொங்கும். முதலாண்டில் அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அங்கேயும் அளவுகோலைப் பிடித்து நிறுத்துவது இடது கைதான்.

இவ் குயார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1987-ல் எழுதிய ஒரு கட்டுரையில் எளிமையான ஒரு சோதனை வருகிறது. ஒருவரை ஒரு தாளில் எழுதச் சொல்கிறார்கள். தாளுக்கு அடியில், அவருக்குத் தெரியாமல், பேனாவின் அழுத்தத்தைப் பதிந்துகொள்ளும் இன்னொரு தாள் மேசையோடு ஒட்டியிருக்கிறது. எழுதி முடித்த பிறகு பார்த்தால், மேல் தாளில் பக்கம் முழுக்க எழுத்து. அடித் தாளிலோ எல்லா வரிகளும் ஒரு சிறிய பரப்புக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கின்றன. எழுதும் கை மேசையில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறது. வரி வரியாகத் தாளை நகர்த்தித் தந்தது மற்றக் கை. அதிலிருந்து குயார் சொன்னது இது: வலக்கையர்களிடம் இடது கை முதலில் தொடங்குகிறது, பெரிய அசைவுகளைச் செய்கிறது, வலது கை வேலை செய்வதற்கான இடத்தை அமைத்துத் தருகிறது. வலது கை அந்த இடத்துக்குள் நுணுக்கமாக இயங்குகிறது.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணா நினைவுக்கு வந்தார். இடது கையால் வாங்காதே, இடது கையால் கொடுக்காதே என்று அதட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பெரியவர் முன்னால் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பழகியவர்கள். ஆனால் வீணையில் மெட்டுகளின்மேல் தந்தியை இழுத்துக் கமகத்தைப் பிறப்பிப்பது இடது கைதான். நம் தொழில்களில் அது எங்கேயும் சும்மா இருந்ததில்லை.

கணினியில் வரைதல் பிறந்தபோதும் அது சும்மா இருக்கவில்லை. 1963-ல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். இன்றைய கணினி வரைவு மென்பொருள்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். திரையில் ஒளிப்பேனாவை வைத்து வரைய ஒரு கை. 'வரை', 'நகர்த்து', 'அழி' என்று சொல்லும் பொத்தான்களை அழுத்த இன்னொரு கை. மவுஸ் அப்போது இல்லை. அது அடுத்த ஆண்டு வந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் உருவம் கொடுத்தார்: மரப் பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம், மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை ஊரறியச் செய்து காட்டினார்.

அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் மவுஸை மட்டும் எழுதுகிறார்கள். எங்கல்பார்ட்டின் மேசையில் நடுவில் கீபோர்டு, வலப்பக்கம் மவுஸ், இடப்பக்கம் இன்னொரு கருவியும் இருந்தது. ஐந்து விரலுக்கு ஐந்து விசை. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல அழுத்தினால் முப்பத்தொரு சேர்க்கைகள் கிடைக்கும். எழுத்தும் கட்டளையும் அதிலேயே அடித்துவிடலாம். வலது கை இடத்தைக் காட்டும், இடது கை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். அவர் கண்டுபிடித்தது ஒரு ஜோடியை. பழக நாளாகும் என்பதால் உலகம் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அக்கா மகனின் தொடைமேல் கிடந்த கையைப் பார்த்தபோது, கைவிடப்பட்ட அந்த ஐந்து விசைகள்தான் என் மனதில் வந்தன.

எங்கள் அலுவலகத்துக்குக் கணினி வந்தது 1994-ல். ஆட்டோகேட் 1982-லேயே வெளிவந்துவிட்டது. எங்களிடம் வந்தது டாஸில் ஓடும் பன்னிரண்டாம் பதிப்பு. மவுஸுக்கு அடியில் ரப்பர் உருண்டை. வாரத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, உள்ளே உருளைகளில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் வழித்தெடுப்போம். சக்கரம் கிடையாது. படத்தைப் பெரிதாக்க இசட் அடித்து, என்டர் தட்டி, டபிள்யூ அடித்து, என்டர் தட்டி, இரண்டு மூலைகளைக் காட்ட வேண்டும். இடது கை விசைகளின்மேலேயே குடியிருந்தது. தாளை நகர்த்தித் தருவது அப்போதும் இடது கையின் வேலையாகத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

1996-ல் மைக்ரோசாஃப்டின் சக்கரம் வைத்த மவுஸ் வந்து பரவியது. உருட்டினால் படம் நெருங்கும், விலகும். சக்கரத்தை அழுத்தியபடி இழுத்தால் தாள் நகரும். இரண்டு முறை தட்டினால் முழுப் படமும் திரையில் அடங்கும். எவ்வளவு நிம்மதி! அதன் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குத்தான் தாளை நகர்த்தும் வேலையும் வலது கைக்குப் போனது. கோடு போடுவதும் அதே கை, தாளை நகர்த்துவதும் அதே கை. ஒரு நாளில் நடுவிரல் அந்தச் சக்கரத்தை ஆயிரக்கணக்கான முறை அழுத்துகிறது. 2006 வாக்கில் என் வலது மணிக்கட்டு இரவில் மரத்துப்போக ஆரம்பித்தது. காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. அதுவரை மவுஸைப் பற்றியோ விசைகளைப் பற்றியோ நான் யோசித்ததே இல்லை. கையில் கொடுத்ததை வைத்து வரைந்துகொண்டிருந்தேன்.

ஆட்டோகேடில் எந்தக் கட்டளைக்கு எந்த எழுத்து என்பது பி.ஜி.பி. என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. நோட்பேடில் திறக்கலாம். ஒரு வரிக்கு ஒரு கட்டளை: முதலில் எழுத்து, ஒரு காற்புள்ளி, ஒரு நட்சத்திரக் குறி, பிறகு கட்டளையின் பெயர். மாற்றிச் சேமித்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால் போதும். வருடக்கணக்காக வரைகிறவர்களில் பலர் இந்தக் கோப்பைத் திறந்ததே இல்லை. திறந்தவர்களோ, வேலை மாறும்போது அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவார்கள். கொத்தனார் தன் கரண்டியை எடுத்துக்கொண்டு போவதுபோல.

மென்பொருளோடு வரும் எழுத்துகள் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துகள். கோட்டுக்கு எல், நகர்த்த எம், ஒரு கோட்டுக்கு இணையாக இன்னொன்று போடும் ஆஃப்செட்டுக்கு ஓ. நினைவில் வைக்க வசதிதான். ஆனால் எல், எம், ஓ மூன்றும் கீபோர்டின் வலது பாதியில் இருக்கின்றன. வலது கை மவுஸில் இருக்கும்போது, இடது கை பலகையைக் கடந்து அங்கே எட்ட வேண்டும். சொல்லுக்குப் பொருந்திய எழுத்து கைக்குப் பொருந்தவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நான் தமிழ் வழியில் படித்தவன். எல் என்றால் லைன் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த இடத்தைத் தொட்டால் கோடு வரும் என்று மட்டுமே தெரியும். எழுத்து எனக்குச் சொல்லின் சுருக்கமாக இருந்ததில்லை, விரல் போகும் இடமாகவே இருந்தது. அதனால் மாற்றுவதில் இழக்க ஒன்றும் இல்லை. கோட்டை டி-க்குக் கொண்டுவந்தேன், ஆஃப்செட்டை டபிள்யூவுக்கு, நகர்த்துவதை வி-க்கு. நகலெடுக்க சி, வட்டத்துக்கு சி இரண்டு முறை. கட்டை விரலுக்கு ஸ்பேஸ் பார் இருக்கவே இருக்கிறது. ஆட்டோகேடில் அதுவே என்டர். சும்மா தட்டினால் கடைசிக் கட்டளை மறுபடி வரும். ஏறக்குறைய எல்லாமே இடது கையின் ஐந்து விரல்களுக்குள் அடங்கிவிட்டது. முதல் பத்து நாள் தட்டுத் தடுமாறினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, சி-யில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், விரலை அசைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

விரலின் நினைவு பிடிவாதமானது. கோடுகளை வெட்டும் டிரிம் கட்டளைக்கு எங்கள் தலைமுறை முழுவதும் "டி.ஆர். என்டர் என்டர்" என்றுதான் பழகியது. இரண்டாவது என்டர், எல்லாக் கோட்டையும் வெட்டும் விளிம்பாக எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு. 2021 பதிப்பில் அது தேவையில்லை என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் எங்கள் விரல் இரண்டாவது முறை தட்டியதும் கட்டளை முடிந்துபோனது. இருபது வருடம் வரைந்தவர்கள், என்ன ஆயிற்று என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பழைய முறைக்குத் திருப்பும் மாறி ஒன்று உள்ளே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு அன்று எங்கள் அலுவலகத்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

எந்த எழுத்து அருகில் இருக்க வேண்டும் என்று யோசித்த நான், எது தள்ளி இருக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தேன். மோட்டாரை ஏற்றி உட்கார வைக்கும் பேஸ் பிளேட் ஒன்று. அளவுகளோடு சேர்த்து முழுக் காட்சியையும் தேர்ந்தெடுத்துவிட்டு, நகலெடுக்க சி-யைத் தட்டினேன் என்று நினைத்தேன். விரல் விழுந்தது பக்கத்து விசையான எக்ஸில். எக்ஸ் என்றால் எக்ஸ்ப்ளோடு, பிரித்துப்போடுவது. ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தால் அது எதையும் கேட்காது, உடனே நடந்துவிடும். திரையில் எதுவும் மாறவில்லை. கோடு கோடாகவே இருந்தது, எண் எண்ணாகவே இருந்தது. நகல் வரவில்லையே என்று மறுபடி சி அடித்து வேலையைத் தொடர்ந்தேன். உண்மையில், அளந்து சொல்லிக்கொண்டிருந்த எண்கள் அந்த நொடியில் வெறும் எழுத்தாகிவிட்டிருந்தன.

அடுத்த ஆர்டருக்கு அதே பிளேட்டை நீட்டச் சொன்னார்கள். ஓட்டைகளுக்கு இடையே 360 இருந்தது 390 ஆக வேண்டும். நீட்டினேன், கோடு நீண்டது. எண் 360 என்றே நின்றது. நான் பார்க்கவில்லை. பட்டறையில் கோட்டை அளக்க மாட்டார்கள். எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் துளை போடுவார்கள், அதுதான் முறை. பன்னிரண்டு பிளேட், 16 மில்லி கனம், எல்லாவற்றிலும் ஓட்டை தப்பான இடத்தில். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். யாரும் கத்தவில்லை. மோட்டாரைத் தூக்கி வைத்து, போல்ட் இறங்காததைக் காட்டிவிட்டு நின்றார்கள்.

அன்று மாலையே எக்ஸின் வரியை அழித்தேன். எக்ஸ்ப்ளோடுக்கு இப்போது என்னிடம் நான்கு எழுத்து. சத்தமில்லாமல் கெடுக்கக்கூடிய எந்தக் கட்டளையையும் ஒற்றை எழுத்தில் வைப்பதில்லை. வேகத்துக்காக விசைகளை அமைப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விரல் தவறினால் என்ன நடக்கும், பக்கத்து விசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து அமைப்பதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மவுஸுக்கு வருகிறேன். பதினாறாயிரம் டி.பி.ஐ. வரைவாளனுக்குத் தேவையில்லை. நம் படத்தின் துல்லியம் மவுஸில் இல்லை. கோட்டின் நுனிக்கு அருகில் போனால் போதும், எஃப் 3-ல் இருக்கும் ஆப்ஜெக்ட் ஸ்னாப் அந்த நுனியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும். நீளத்தைக் கீபோர்டில் எண்ணாக அடிக்கிறோம். எஃப் 8 கோட்டை நேராக வைக்கிறது. மவுஸ் செய்ய வேண்டியது பக்கத்தில் கொண்டுபோய் விடுவது மட்டும். ஆயிரம் சொச்சம் போதும். அதைவிட முக்கியம், விண்டோஸில் சுட்டியின் வேகம் கையின் வேகத்துக்கு ஏற்பக் கூடும்படி ஓர் அமைப்பு இருக்கிறதே, அதை அணைத்துவிடுவது. அணைத்தால் கை இவ்வளவு நகர்ந்தால் சுட்டி இவ்வளவு நகரும் என்பது என்றும் மாறாது; கை அதை மனப்பாடம் செய்துகொள்ளும்.

கடையில் மவுஸை எடுத்ததும் நான் சக்கரத்தைத்தான் அழுத்திப் பார்ப்பேன். வரைகிறவனுக்கு அது நடுப்பொத்தான், நாள் முழுக்க அமுக்குவது. கடினமாக இருந்தால் மாலைக்குள் நடுவிரல் வலிக்கும். அமுக்கும்போதே உருண்டுவிட்டால் தாள் நகர்வதற்குப் பதிலாகப் படம் துள்ளும். அமுக்கிப் பிடித்தபடி மேசையில் நாலு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பொத்தான்கள் இரண்டு போதும். ஒன்றில் எஸ்கேப், மற்றதில் என்டர். பன்னிரண்டு வைத்த மவுஸை ஒரு மாதம் பயன்படுத்தினேன். மவுஸைப் பிடிக்க வேண்டிய கட்டை விரலையே தட்டவும் வைத்தால், பிடி தளர்கிறது, சுட்டி நடுங்குகிறது. இடது கையின் வேலையை வலது கட்டை விரலில் ஏற்றியதுதான் மிச்சம். அளவு உள்ளங்கையைத் தாங்கும்படி இருக்க வேண்டும். மடிக்கணினிப் பைக்காகச் செய்த குட்டி மவுஸ்களை நாள் முழுக்கப் பிடித்தால் விரல்கள் கழுகு நகம்போல வளைந்துவிடும். முப்பரிமாணத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இடது கையில் பிடித்துத் திருகும் குமிழ் ஒன்று விற்கிறது. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் இயந்திரக் கையை இயக்கச் செய்த கருவியின் வழியில் வந்தது. பாகத்தை இடது கை திருப்பித் தர, வலது கை அதில் வேலை செய்யும். முதல் முறை தொட்டபோது டீ ஸ்கொயரின் ஞாபகம் வந்தது எனக்கு.

எண்கள்தான் கடைசிவரை என்னைத் தொல்லைப்படுத்தின. எண் பலகை கீபோர்டின் வலது ஓரத்தில் இருக்கிறது. அது இருப்பதால் மவுஸ் இன்னும் வலப்பக்கம் தள்ளிப்போய், தோள் எப்போதும் விரிந்தே நிற்கிறது. எண் அடிக்க வலது கை மவுஸை விட்டு வர வேண்டும். கட்டட வரைபடம் போடும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, அவர் தன் மேசையைக் காட்டினார். ஒன்பது அங்குலச் சுவருக்கு 230, நாலரை அங்குலச் சுவருக்கு 115. நாள் முழுக்க இந்த இரண்டு எண்ணும்தான் அவருக்கு. எண் பலகை இல்லாத கீபோர்டு வாங்கி, தனி எண் பலகை ஒன்றை அதன் இடப்பக்கம் வைத்திருந்தார். இடது கை டபிள்யூவைத் தட்டி, ஸ்பேஸைத் தட்டி, ஒரு சாண் நகர்ந்து 230 அடித்துத் திரும்பியது. வலது கை மவுஸை விடவே இல்லை. அடுத்த நாளே நானும் வாங்கினேன். மணிக்கட்டு மரத்துப்போவது நின்றதற்கு எதெது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் தோள் இறங்கியதை அந்த வாரமே உணர்ந்தேன்.

மருமகனுக்கு என்னுடைய பி.ஜி.பி.யைக் கொடுக்கவில்லை. கேட்டான். அது என் கைக்கு அமைந்தது, உன் விரல் நீளம் வேறு, நீ வரையும் வேலை வேறு என்று சொல்லி, ஒரு வாரம் எந்தெந்தக் கட்டளையை எத்தனை முறை தேடிப் போகிறான் என்று தாளில் கோடு போட்டு எண்ணச் சொன்னேன். பன்னிரண்டு பிளேட்டின் கதையையும் சொன்னேன். மவுஸ் சாதாரணமான ஒன்றுதான் வாங்கினோம், சக்கரம் மெத்தென்று இருந்ததால்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, விடுமுறை நாளிலும் ஒரு படத்தை முடித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்தேன். இடது கை விசைகளின்மேல் லேசாகக் கவிந்திருந்தது. விரல்கள் போவதும் வருவதும் தெரியவில்லை, தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கோடு எல்லிலேயே இருந்தது. அவனுக்கு எட்டுகிறது போல. வேலை முடிந்ததும் சுண்டு விரல் மட்டும் மேலேறி இடது மூலையில் க்யூவைத் தொட்டது. படத்தில் இரண்டு ஓட்டைகளைக் காட்டினான். கீழே ஓர் எண் வந்தது. எழுதியிருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டி, அடுத்த அளவுக்குப் போனான்.

"க்யூவுல என்ன வெச்சிருக்கற கண்ணு?"

"அளந்து பாக்கறதுங்க மாமா. அனுப்பறதுக்கு முன்னாடி எல்லா அளவையும் ஒருக்கா அளந்துருவேன்" என்றான் திரும்பாமல். சுண்டு விரல் இன்னொரு முறை மேலேறியது.